பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குரம்பை

பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குரம்பையை வறுமையின் அடையாளமாக மட்டும் கொள்வது பொருந்துமாறில்லை. ஈந்தின் இலையால் வேய்ந்த அக்கூரையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் முள்ளம்பன்றியின் முதுகோடு ஒப்பிடுகின்றார். கூரைக்குரிய பொருளும் அதற்கான உவமையும் அச்சுரநிலத்திலிருந்தே பெறப்பட்டுள்ளன. ஈன்ற தாய் மகவுடன் மான்தோலில் முடங்கியிருக்க, ஏனைய மகளிர் இரும்புமுனைக் கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுகின்றனர். முன்றிலின் நிலவுரலில் அதனைக் குற்றி, கிணற்றின் உவர்நீரில் சமைக்கின்றனர். பானையின் வாய் உடைந்தது, அடுப்பும் சிதைந்தது. இக்குறைகளைப் புலவர் மறைத்தாரில்லை. எனினும், அவ்வுணவு பாணனின் சுற்றத்திற்குத் தெய்வப் படையல்போலத் தேக்கிலையில் குவிக்கப்படும் என்கின்றார். ஆகவே, புலவர் மனையை அளப்பது சுவரின் உறுதியால் அன்று. அங்கு நிகழும் உழைப்பாலும் விருந்தோம்பலாலுமே எனலாம். இதனை நோக்காது வறுமையை மட்டும் காண்பது, இன்றைய அளவுகோலைப் பழம்பனுவலின்மேல் ஏற்றுவதாகும்.