ஒற்றனும் ஆயுத வணிகனும்

பொழுதுபோக்குப் படங்களை முற்றாகப் புறக்கணிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஜோன் கிளென்னின் நெறியாள்கையில் 1987இல் வெளிவந்த ‘தி லிவிங் டேலைற்ஸ்’ அவ்வாறு புறக்கணிக்கத் தக்கதன்று. ஜேம்ஸ் பொண்டாக இரண்டே படங்களில் நடித்த ரிமதி டால்ரன், கட்டளையை ஐயுறும் ஒற்றன் ஒருவனை இதிலே காட்டினார். சுடவேண்டியவள் தொழில்முறைக் கொலையாளி அல்லள் எனக் கண்டதும், அவளது துப்பாக்கியை மட்டுமே அவன் சுடுகின்றான்.

படத்தின் பகைவர் இருவரும் வணிகக் கூட்டாளிகள். ஒருவன் மேற்குலகிற்குத் தப்பி வந்தவனாக நடிக்கும் சோவியத் தளபதி கொஸ்கொவ். மற்றவன் அமெரிக்க ஆயுத வணிகன் விற்றேக்கர். ஆயுதம் வாங்க அளிக்கப்பட்ட அரசுப் பணம் வைரமாகி, பின்னர் அபினாகின்றது. விற்றேக்கரின் மாளிகையில் வரலாற்றுப் படைத்தலைவர்களின் உருவச்சிலைகள் நிற்கின்றன. அவற்றின் முகமோ அவனுடையது. கெடுபிடிப் போரில் இலாபம் ஈட்டியோரை இவ்வளவு தெளிவாக இனங்காட்டிய வணிகப் படங்கள் சிலவே.

ஆயினும் இத்தெளிவு இறுதிவரை நிலைக்கவில்லை. அபின் விற்பனைக்குத் துணைபோகும் ஆப்கானியத் தலைவன் கம்ரன் ஷாவை, ஒக்ஸ்போட்டிற் கற்ற இலட்சிய வீரனாகவே படம் போற்றுகின்றது. அவனது குழுவினர் ஆயுதங்களோடு வியன்னா இசையரங்கிற்கு வருவது வெறும் நகைச்சுவையாகின்றது. 1989இல் சோவியத் படைகள் வெளியேறின. 1992இன் பின் போராளிக் குழுக்கள் தம்முள் மோதிக் காபூலைச் சிதைத்தன. 1996இல் தலிபான்கள் அந்நகரைக் கைப்பற்றினர். விலை கொடுத்தவர்கள் எளிய மக்களே.

வணிகனை இனங்கண்ட படம் மக்களைக் காணத் தவறிற்று. இவ்விரண்டையும் சேர்த்து மாணவருக்கு உணர்த்துவது திறனாய்வின் கடனாகும்.