எட்டு மதிப்பெண் கட்டுரை

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் பொதுக்கட்டுரைக்கான குறிப்புகள் வினாத்தாளிலேயே வந்துவிடும். முன்னுரை, நடுவே நாலைந்து உட்தலைப்பு, முடிவுரை. இடைவெளிகளை நிரப்புவதே மாணவரின் வேலை. பத்தியைப் படித்து விடையெழுதும் வினாவிலும் பத்தி பெரும்பாலும் பாடநூலில் பார்த்ததாகவே இருக்கும். விடையை அதிலிருந்து அப்படியே எடுத்து எழுதலாம்.

இந்த முறைக்கும் நியாயம் உண்டு. ஏறத்தாழ 9 லட்சம் பேர் எழுதும் தேர்வில், விருத்தாசலத்துப் பிள்ளையின் தாளும் நாகர்கோவில் பிள்ளையின் தாளும் ஒரே அளவுகோலில் திருத்தப்படக் குறிப்புகள் உதவுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொடும் பிள்ளை வெற்றுத்தாளைக் கண்டு மிரளாமலும் இருக்கும்.

ஆனால் விலை பெரிது. தமிழ்நாட்டின் 15 வயது மாணவர்கள் பங்கேற்ற பீசா (PISA) என்னும் பன்னாட்டுத் தேர்வின் முடிவு 2011 இறுதியில் வந்தது. வாசிப்பில் சராசரி 337. அடிப்படை நிலையை எட்டியவர்கள் சுமார் 17 சதவீதம்தான். கேள்விகள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானவை என்று அப்போது சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் முன்பின் பாராத பத்தியிலிருந்து பொருள் கொள்வதைத்தானே வாசிப்பு என்கிறோம்?

2018 முதல் வந்த புதிய பாடநூல்களைக் குறை சொல்ல மாட்டேன். 'கற்பவை கற்றபின்' பகுதி கலந்துரையாடவும் விவாதிக்கவும் சொல்கிறது. தேர்வில் வராததால் வகுப்பு அதைத் தாண்டிப் போகிறது. மிச்சமிருக்கும் வாதப்பயிற்சி பட்டிமன்றம். அங்கே கைதட்டல்தான் சான்று, நடுவரும் இரண்டு பக்கமும் சரி என்று சொல்லி விடைபெறுவார். இத்தனைக்கும் பவணந்தியின் இலக்கண நூலான நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு முறைகளை, சொல்கிறது. பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைவதும், இருவர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணிவதும் அவற்றில் உண்டு. இதை இலக்கணமாக ஒப்பிக்கவைத்தோம், எழுத்தில் செய்யச் சொல்லவில்லை.

வாதத்தை எழுத்தில் செய்யவைக்க, செராமிக் தொழில் நடக்கும் விருத்தாசலத்துப் பள்ளியில் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: செராமிக் சூளைகளுக்கு அரசு எரிபொருள் மானியம் தரவேண்டுமா? மாதம் எத்தனை முறை சூளை எரிகிறது, ஒரு சுடுதலில் எவ்வளவு உடைகிறது, அகல்விளக்கும் பொம்மையும் என்ன விலைக்குப் போகின்றன என்று தொழிற்பேட்டையில் விசாரித்து வரலாம். மானியத்தைவிடப் புதிய வடிவங்களுக்கும் பயிற்சிக்கும் பணம் தருவதே மேல் என்பவரின் வாதத்தையும், அவரே ஒப்புக்கொள்ளும்படி, ஒரு பத்தி எழுதவேண்டும். அதன்பிறகே தன் முடிவு. திருத்துவதும் முடியாததல்ல: நிலைப்பாட்டுக்கு 2, சான்றுக்கு 3, எதிர்வாதத்தை எதிர்கொண்டதற்கு 3.

தேர்வறையில் விசாரிக்க இயலாது. அங்கே பாடநூலில் இல்லாத ஒரு பத்தியும் ஒரு சிறு அட்டவணையும் கொடுத்தால் போதும். வாசிப்பும் வாதமும் ஒரே வினாவில் சோதிக்கப்படும்.

என் தீர்ப்பு இது: குறிப்புக் கட்டுரை எட்டாம் வகுப்புவரை இருக்கட்டும், பத்தில் வேண்டாம். நெடுவினாக்களுக்கான 24 மதிப்பெண்ணில் பொதுக்கட்டுரையின் 8 மட்டும் மாறினால் போதும். பாடத்தையொட்டிய 16-ஐ இப்போதைக்குத் தொடவேண்டியதில்லை.