ஒப்பாரிக் கோச்சியும் ‘தாயகம் திரும்பலும்’

புதிய நாடொன்றிற் குடியேறுவோர் அடையும் பண்பாட்டு அதிர்ச்சி, மொழி, உணவு, வழிபாடு ஆகியவற்றின் வேற்றுமையால் விளைவதென்பது பொதுவான கருத்து. இவையெல்லாம் பொதுவாயிருந்தும் அவ்வதிர்ச்சி நேர்ந்ததுண்டு. மன்னார்த் தீவின் முனையிலுள்ள தலைமன்னார் இறங்குதுறை அதற்குச் சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தமிழகத் தொழிலாளர் தலைமன்னார், அரிப்பு முதலிய கரைகளில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டுமென வகுத்தது. முன்னோர் வந்திறங்கிய அதே கரையிலிருந்து அவர்கள் கப்பலேறினர். 1984இல் அக்கப்பற் சேவை நின்றது.

இப்பயணத்துக்கு இரு பெயர்கள் வழங்கின. அரசுகள் அதனைத் ‘தாயகம் திரும்பல்’ என்றன. மலையக மக்களோ தம்மவரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகையிரதத்தை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதியொன்றுக்கு அப்பெயரையே சூட்டினார்.

‘திரும்பல்’ என்னுஞ் சொல், சென்றவர் முன்னர் அங்கு வாழ்ந்தவர் எனக் கொள்கிறது. அவருட் பலரோ இலங்கையிற் பிறந்து, இந்தியாவைக் கண்டறியாதவர். ஊர் திரும்புவோனுக்கு ஊரைப் பழக்குவிக்க வேண்டியதில்லை என்னும் எண்ணத்துக்கு அச்சொல் இடமளித்தது. கொழுந்து பறிப்பதொன்றே அறிந்தவர்க்குச் சிறுவணிகக் கடன் வழங்கப்பட்டமை அவ்வெண்ணத்தின் விளைவெனலாம். இலங்கையில் ‘இந்தியாக்காரர்’ எனப்பட்டவர் தமிழகத்தில் ‘சிலோன்காரர்’ ஆயினர்.

ஒப்பாரி இறந்தோர்க்குரியது. உயிரோடு செல்வோர்க்கு அதனைப் பாடிய மக்கள், அங்கு முடிந்தது ஒரு வாழ்வென்பதை உணர்ந்திருந்தனர். அரசியற் சொல் மறைத்த உண்மையை நாட்டார் சொல் உரைத்தது.

எனினும் அச்சொல்லுக்கும் எல்லையுண்டு. பிரிவின் துயரத்தைக் கூறும் அது, அக்கரையில் அவர்கள் வாழ முயன்றதைக் கூறாது. சமவெளியின் வெம்மையிற் குடியமர்த்தப்பட்டோருட் பலர் நீலகிரியை நாடினர். 1968இல் அங்கு தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் சிலர் தொழில் பெற்றனர். பழகிய குளிரையும் பழகிய தொழிலையும் தேடிச் சென்றமை, அந்நியத்தை எதிர்கொள்ள அவர்கள் தாமே கண்ட வழியாகும். மலையக இலக்கியத்தை ஆராய்வோர் தலைமன்னாரின் கண்ணீரோடு நின்றுவிடாது, கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தளிர்த்த வாழ்வையும் அதன் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.