எந்த ரேஸ்ல விடறது, சார்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓசூரில் யாரும் அலாரம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி பெங்களூர்ப் பையன்கள் வந்துவிடுவார்கள். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும் பைக்குகள். கிருஷ்ணகிரி வரை ஒரு விரட்டு, வழியில் இட்லி-வடை, ஒன்பது மணிக்குள் வீடு. அவர்களுக்கு ரேஸ் என்றால் அதுதான். தேசிய நெடுஞ்சாலையில் கறிவேப்பிலை மூட்டையோடு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் போகிற பெரியவரும் அந்த ரேஸில் கலந்துகொள்கிறார், அவருக்குத் தெரியாமலேயே.

அப்படி ஒரு ஞாயிறு, டீக்கடையில் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பேடரப்பள்ளிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர். நாலு லேத், ஒரு சி.என்.சி., பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க். மகனுக்கு வயது பதினேழு. கோ-கார்ட் ஓட்டி இரண்டு மூன்று கப் வாங்கியிருக்கிறான்.

"சார், நீங்க பி.காம். படிச்சவரு. பத்திரிகைல வேற எழுதறீங்க. பாகலூர் ரோட்டுல நமக்கு ஒரு மனை கிடக்குது. அதை வித்து இவனை ஒரு சீசன் ஃபார்முலா கார்ல விடலாம்னு பாக்கறேன். எந்த ரேஸ்ல விடறது, சார்?"

மனையை விற்கலாமா என்று கேட்டிருந்தால் பதில் கைவசம் இருந்தது. எந்த ரேஸ் என்று கேட்டதும் டீ ஆறிப்போனது.

கிரிக்கெட் என்றால் இந்தப் பிரச்னை இல்லை. ஜில்லா, ஸ்டேட், ரஞ்சி, இந்தியா. ஏறுகிறோமோ இல்லையோ, ஏணி எது என்று தெரியும். நான் சொல்வது மட்கார்டு இல்லாத, ஒற்றை ஸீட், நாலு சக்கரமும் வெளியே தெரிகிற கார் ரேஸ். அதில் 'இந்தியாவின் நம்பர் ஒன் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். 'எந்தச் சாம்பியன்ஷிப்பில்?' என்று திருப்பிக் கேட்பார்கள்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காக வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுதளம். 1950-களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. நான் பார்த்ததில்லை, என் பெரியப்பா பார்த்திருக்கிறார். பிப்ரவரி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வைக்கோல் போர்களுக்குப் பின்னால் நின்று, விஜய் மல்லையா ஒரு பழைய 'என்சைன்' ஃபார்முலா ஒன் காரை ஓட்டியதைப் பார்த்த கதையை, ஆள் மாறினாலும் வசனம் மாறாமல் சொல்வார். பணக்காரர்களின் பொழுதுபோக்குதான். ஆனால் பார்க்க ஜனம் வந்தது.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். எஸ்.கரிவரதன். வெளிநாட்டில் கழித்துக் கட்டிய கார்களை எத்தனை நாள் வாங்கி ஓட்டுவது என்று யோசித்து, எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை ஸீட் கார் செய்தார். ஃபார்முலா மாருதி. மூன்று சிலிண்டர், 796 சி.சி. நீங்கள் கல்யாணத்துக்குப் போன காரும் அதுவும் ஒரே இன்ஜின். இன்றைக்கும் நம் ஊர் ரேஸுக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாராயண் கார்த்திகேயன் பழகியது அந்தக் காரில்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரில்தான்.

இப்போது நம்மிடம் முக்கியமாக இரண்டு டிராக். கோவையில் அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், சோழவரத்துக்குப் பதிலாக 1990-ல் கிளப் கட்டிய இன்னொன்று. கோவை டிராக்கில் பெரும்பாலும் ஜே.கே. டயர் கொடி. இருங்காட்டுக்கோட்டையில் எம்.ஆர்.எஃப். கொடி. இங்கேயும் ஒரு தேசிய சாம்பியன், அங்கேயும் ஒரு தேசிய சாம்பியன். கோவை எல்.ஜி.பி. கம்பெனி பெயரில் வருகிற ஸ்விஃப்ட் இன்ஜின் போட்ட கார், இந்த ஊரில் ஒரு பெயரிலும் அந்த ஊரில் வேறு பெயரிலும் ஓடுகிறது. மாறுவது டயர்தான்.

போதாக்குறைக்கு 2000-களில் சில வருடம் சங்கமே இரண்டாக இருந்தது. உள்ளூர் ரேஸ்களை நடத்தியது எஃப்.எம்.எஸ்.சி.ஐ.; உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அங்கீகாரம் இருந்தது எம்.ஏ.ஐ. என்ற இன்னொரு அமைப்பிடம். ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல், சாவி மட்டும் பக்கத்து வீட்டில் என்கிற மாதிரி. அப்புறம் அங்கீகாரம் எஃப்.எம்.எஸ்.சி.ஐ.க்கே திரும்பி வந்தது.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரும். அங்கே இது பெரிய அளவில், பட்டப்பகலில் நடந்தது.

இண்டியானாபோலிஸ் என்ற ஊரில் வருடாவருடம் மே மாதக் கடைசியில் 500 மைல் ரேஸ். 1911-லிருந்து நடக்கிறது. லட்சக்கணக்கில் கூட்டம். டிராக் ஒரு குடும்பத்தின் சொத்து. அதில் ஓடுகிற டீம் முதலாளிகள் சேர்ந்து நடத்திய சீரிஸுக்குப் பெயர் கார்ட். டிராக்கின் வாரிசு டோனி ஜார்ஜ், 'செலவு எகிறிப்போச்சு, வெளிநாட்டு டிரைவர்கள் அதிகமாயிட்டாங்க, நான் தனியா நடத்தறேன்' என்று 1996-ல் இண்டி ரேஸிங் லீக் ஆரம்பித்தார். 500 மைல் ரேஸில் 33 இடம். அதில் 25 தன் லீக்காரர்களுக்கு என்றார். டீம் முதலாளிகளுக்கு ரோஷம். அதே நாளில் மிச்சிகனில் போட்டி ரேஸ் வைத்தார்கள். 'நிஜ ஸ்டார்கள் எங்களிடம்தான்' என்று விளம்பரம் வேறு. பச்சைக் கொடி விழுவதற்கு முன்பே அந்த ஸ்டார்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி, பத்துப் பன்னிரண்டு கார் நொறுங்கியது. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

பி.காம். ஆசாமிக்குச் சுவாரஸ்யமான பகுதி இனிமேல்தான். 1998-ல் கார்ட், நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு 16 டாலர். ஆரம்பத்தில் ஏறியது, டீம் முதலாளிகள் காசு பார்த்தார்கள். பிறகு இண்டி 500-ஐ விட மனசில்லாத பெரிய டீம்கள் ஒன்றொன்றாக எதிர்முகாமுக்கு நடந்தன. இன்ஜின் கொடுத்த கம்பெனிகளும் கூடவே போயின. 2003-ல், ஒரு பங்குக்கு 56 சென்ட் தருகிறோம் என்று பேரம் பேசினார்கள். அப்புறம் திவால் கோர்ட். மிச்சம் இருந்ததை 'சாம்ப் கார்' என்று வேறு பெயரில் ஓட்டிப் பார்த்து, 2008-ல் இரண்டும் ஒன்றாயின. பன்னிரண்டு வருடச் சண்டையில் ஜெயித்தது யார்? இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. மூடின சக்கரக் கார்களை ஓட்டும் நாஸ்கார், டி.வி.யையும் விளம்பரத்தையும் கூட்டத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

சேர்ந்த மறுநாளே எல்லாம் சரியாகவும் இல்லை. டீம் முதலாளி ரோஜர் பென்ஸ்கி 2020-ல் சீரிஸையும் டிராக்கையும் சேர்த்தே வாங்கினார். 2025-ல் ஃபாக்ஸ் டி.வி. அந்தக் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தது. அந்த வருட இண்டி 500-ல் கேலரி டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்தது. போன கூட்டம் திரும்பி வரக் கிட்டத்தட்ட முப்பது வருடம்.

நம் கதையும் இதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் புத்தகத்தைப் பிரித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

அமெரிக்காவில் ரேஸ் என்பது வரவுப் பக்கம். டிக்கெட், டி.வி. உரிமை, விளம்பரம். கூட்டம் குறைந்தால் அன்று சாயங்காலமே வலிக்கும். நம் ஊரில் ரேஸ் என்பது ஒரு டயர் கம்பெனியின் செலவுப் பக்கத்தில், விளம்பரம் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி. கேலரி காலியாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. போட்டோ நன்றாக வந்தால் போதும். யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் யாரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள். ஆபீஸில் பெட்டி கேஷ் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

டயர் கம்பெனிகளைத் திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் இல்லையென்றால் இங்கே ரேஸே இல்லை. அரசாங்கம் திரும்பிப் பார்க்காத காலத்தில் கார் கொடுத்து, டயர் கொடுத்து, பையன்களை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள். 2017 ஆரம்பத்தில் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக், எம்.ஆர்.எஃப். சேலஞ்சுக்காக இருங்காட்டுக்கோட்டையில் வந்து ஓட்டினார். உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைத்தான் சொல்கிறேன். தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. இந்த இரண்டு கம்பெனிகளும் ஊரில் ஒவ்வொரு டயர் கடை வாசலிலும் மோதிக்கொள்கின்றன. லாரி டயர், டிராக்டர் டயர், எல்லாவற்றிலும் போட்டி. மோதாத ஒரே இடம் ரேஸ் டிராக்! ஒரு ரேஸில் எல்லாக் காரிலும் ஒரே டயர். அப்புறம் யார் டயர் உசத்தி என்று ரேஸ் எப்படிச் சொல்லும்?

டயர்ச் சண்டை வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2005 ஜூன் 19. ஓசூரில் பேச்சிலர் ரூம், பதினாலு இன்ச் டி.வி., நள்ளிரவு நெருங்கும் நேரம். ஃபார்முலா ஒன்னில் கால் வைத்த முதல் இந்தியர் நாராயண், மஞ்சள் ஜோர்டான் காரில். இடம் அதே இண்டியானாபோலிஸ். மிஷலின் டயர் அந்த வளைவைத் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று போய்விட்டு ஷெட்டுக்குள் திரும்பிவிட்டன. மிச்சம் ஆறு கார். நாராயண் நாலாவதாக வந்தார். ஐந்து பாயிண்ட். அமெரிக்கக் கூட்டம் கூச்சல் போட்டு பாட்டிலை எறிந்துகொண்டிருக்க, இங்கே நாங்கள் மூன்று பேர் கைதட்டினோம். ஒரு இந்தியர் ஃபார்முலா ஒன்னில் எடுத்த பாயிண்ட் அவ்வளவுதான். கணக்கில் வரவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆடிட்டரிடம் காட்டக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

2011-ல் கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா ஒன்னே வந்தது. மூன்று வருடம், மூன்றிலும் வெட்டல் ஜெயித்தார். விளையாட்டா, கேளிக்கையா, வரி உண்டா, கிடையாதா என்ற வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 2013-க்குப் பிறகு ரேஸ் வரவில்லை. வருமான வரி வழக்கு மட்டும் 2017 வரை ஓடி சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. ரேஸைவிட வழக்குக்கு ஸ்டாமினா அதிகம்.

இப்போது மூன்றாவது கடை ஒன்று திறந்திருக்கிறது. 2022-ல் ஆரம்பித்த இந்தியன் ரேஸிங் லீக். ஊர் பெயரில் டீம், சினிமா-கிரிக்கெட் பிரபல முதலாளிகள், ஐ.பி.எல். பாணி. சுருக்கிச் சொன்னால் ஐ.ஆர்.எல். டோனி ஜார்ஜ் ஆரம்பித்ததற்கும் அதே எழுத்துதான்! யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதில் ஓடுவது மூடின சக்கரக் கார்கள். கூடவே ஃபார்முலா 4 என்று எஃப்.ஐ.ஏ. கணக்கில் சேர்கிற ஒற்றை ஸீட் ரேஸும் உண்டு. 2023 டிசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடக்க இருந்ததை மிக்ஜாம் புயல் தள்ளிவைத்தது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. முதல் நாள் எஃப்.ஐ.ஏ. சான்றிதழ் வரத் தாமதமாகி, கூட்டம் காத்துக் கிடந்தது. அரசாங்கப் பணம் எதற்கு என்று வழக்கு, வாக்குவாதம் எல்லாம் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சோழவரத்துக்கு அப்புறம், ரேஸ் என்றால் என்னவென்றே தெரியாத குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அதனால் பையன் எங்கே போவான்? ஃபார்முலா 4-ல் எடுக்கிற பாயிண்ட் வெளிநாட்டு லைசென்ஸுக்கு உதவும், செலவு அதிகம். கோவையும் இருங்காட்டுக்கோட்டையும் கட்டுப்படியாகும். ஜெயித்தால் அடுத்த படி எங்கே என்று தெரியாது. மூன்றிலும் முதல் ஆறு ஆறு பேரை வருடக் கடைசியில் ஒரே டிராக்கில் நிறுத்துங்கள். எந்த டயர் என்பதை டாஸ் போட்டு முடிவு பண்ணுங்கள். ஒரே ஒரு ஞாயிறு. டிக்கெட் வாங்கிக்கொண்டு நான் முதல் ஆளாக வருகிறேன்.

ஓசூரில் இதற்கு நேர் எதிரான உதாரணம் கண்முன்னே இருக்கிறது. டி.வி.எஸ். 1982-ல் ரேஸிங் பிரிவு தொடங்கியது. 1994-லிருந்து ஒரே மாதிரி பைக்குகளைக் கம்பெனியே கொடுத்து ரேஸ் நடத்துகிறது. பையன் ஹெல்மெட்டும் சூட்டும் கொண்டு வந்து, செலக்‌ஷனில் தேறினால் போதும். மனை விற்க வேண்டாம். பைக் ரேஸில் பையன்கள் வந்துகொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "மனையை இப்ப விக்காதீங்க. மொதல்ல ரெண்டு ஊருக்கும் போய் ஒரு ரவுண்டு பாத்துட்டு வாங்க" என்றேன்.

போன மாதம் கோவைக்குப் போய் வந்தார்கள். ரேஸ் எப்படி என்று கேட்டேன்.

"ரேஸை எங்க சார் பாத்தேன்? இவன் என்னை ஷெட்டுப் பக்கமே நிக்க வெச்சுட்டான். முன்சக்கரத்தைப் பிடிக்கிற அந்த ஆர்ம் இருக்கே, அதைப் பாத்தேன். நம்ம பட்டறைல பண்ணிடலாம் சார். வெல்டிங்கு மட்டும் நல்ல ஆள் வேணும்."

அடுத்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறார்கள். மனை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.