தங்கால் சிறுவனின் தோடு

சிலப்பதிகாரத்தைச் சொல்நயத்துக்காகப் போற்றுவோர் உண்டு. கற்பின் பெருமைக்காகப் போற்றுவோர் உண்டு. காவலன் கை குடிமகன் கழுத்தை எட்டும் வழியைக் காட்டும் ஏடாக அதைப் படித்தோர் எத்தனை பேர்? கட்டுரை காதையைப் புரட்டுங்கள், தோழர்களே! அங்கே வரும் தங்கால், சிவகாசியை அடுத்த திருத்தங்கல்தான் என்பது அறிஞர் கொள்கை.

சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பராசரன் தங்காலில் இளைப்பாறுகிறான். மழலை மாறாத சிறுவர் சூழ்கின்றனர். அவர்களில் தக்கிணன் என்பான் தவறின்றி வேதம் ஓத, மகிழ்ந்த பராசரன் பூணூலும் கடகமும் தோடும் அளித்துச் செல்கிறான். நடந்தது இவ்வளவே. அரசப் பணி புரியும் இளைஞருக்கோ அந்த நகை கண்ணை உறுத்தியது! இந்த வீட்டுக்கு இது ஏது? புதையலைக் கவர்ந்தான் என்று தந்தை வார்த்திகனைச் சிறையில் தள்ளினர். கொடுத்தவன் யார் என்று கேட்டனரா? சிறுவனையாவது வினவினரா? இல்லை. பொறாமையே புலனாய்வாயிற்று.

மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுதாள். ஐயை கோயிற் கதவு திறவாது நின்றதாம். அதன் பிறகே பாண்டியன் விசாரித்தானாம். ஒரு குடிமகனின் குறை அரசன் செவிக்கு எட்ட அற்புதம் வேண்டியிருந்தது! வார்த்திகனுக்கு ஒரு கதவு வாய்த்தது. கோவலனுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

தன் முறை பிழைத்ததென்று மன்னன் பொறுத்தருள வேண்டினான். தங்காலும் வயலூரும் வழங்கினான். சிறைக்கதவுகளைத் திறக்கச் சொன்னான். (திறந்த சிறைகளில் எத்தனை வார்த்திகர் இருந்தனரோ!) புதையல் கண்டவனுக்கே உரியது என்று யானைமேல் முரசறையவும் செய்தான். இக்கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஊர்க்கொடை ஒருவனுக்கு ஆறுதல். ஐயத்துக்குப் பிடி கொடுத்த சட்டத்தை மாற்றியதோ ஊர் முழுமைக்கும் காப்பு. பொய்ப்பழி சுமத்திய பணியாளர் என்ன தண்டனை பெற்றனர்? காப்பியம் வாய் திறக்கவில்லை.

இக்கதையைக் கண்ணகிக்குச் சொல்பவள் மதுராபதித் தெய்வம். கணவனைக் கொலை கொடுத்தவளிடம் பாண்டியர் செங்கோலைப் பாராட்டுகிறாள். அரசின் விளம்பர அதிகாரி போலும்! ஆனால் இளங்கோ கொலைக்களக் காதையில் முன்பே உண்மையை வைத்துவிட்டார். கோவலனைப் பார்த்த காவலர், இவன் கள்வனல்லன் என்று தயங்குகின்றனர். பொற்கொல்லனோ சான்று ஒன்றும் காட்டாமல், கள்வர் என்போர் எத்தகையோர் என்று களவு நூலை விரிக்கிறான். இனத்தைப் பற்றிய பாடம் முடிந்ததும் ஆளைப் பற்றிய ஐயம் தேவையற்றதாகிறது. கல்லாத குடியன் ஒருவன் வாள் வீசுகிறான்.

அந்தப் பாடத்தையே வெள்ளையன் 1871-இல் குற்றப்பரம்பரைச் சட்டமாக்கினான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தையே கள்வன்! கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் குண்டு பாய்ந்தது. 16 உயிர்கள் பறிபோயின. 1947-இல் சென்னையில் சட்டம் நீங்கியது. அடுத்த ஆண்டே, பழக்கக் குற்றவாளிகள் என்ற புதுப்பெயரில் வேறொரு சட்டம் புகுந்தது.

அந்நினைப்பு நிலையங்களை விட்டு நீங்கியதா? 1993-இல் முதனை ஊர்க் குறவர் இனத் தொழிலாளி இராசாக்கண்ணு, நகைத் திருட்டின் பெயரால் கம்மாபுரம் காவல் நிலையத்தில் வதைபட்டு மாண்டார். தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை. மனைவி பார்வதி, வழக்கறிஞர் சந்துருவின் துணையோடு உயர்நீதிமன்றக் கதவைத் தட்டினார். இதைத் தழுவிய 2021-ஆம் ஆண்டின் ‘ஜெய்பீம்’ படம், குறவரை இருளராக்கியது. எவரைக் குறித்த பொய் அதுவோ அவர் பெயரையே மறைப்பது கலைக்கு அழகன்று. கதவைத் திறக்கும் நாயகன் மீதே படத்தின் ஒளி மிகுதியாக விழுந்ததும் எனக்கு உடன்பாடில்லை.

காவலர் நடத்தும் சிறார் மன்றங்களில் பிள்ளைகளுக்குப் பந்து கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். ஆயினும் மாலையில் பந்தாடிய பையனின் தந்தையை இரவில் காரணம் சொல்லாமல் இழுத்துச் சென்றால், அவன் மறுநாள் ஆட வருவானா? கைதுக் குறிப்பில் உறவினரோ ஊரார் ஒருவரோ சான்றொப்பமிட வேண்டும், வீட்டாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-இல் டி.கே.பாசு வழக்கில் விதித்தது. திருத்தங்கல் இளைஞன் நிலையத்து வாயிலில் நின்று முதலில் கேட்க வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.