‘எரியும் பனிக்காடு’ நாவலில் கூலியும் கடனும் சங்கமும்

முன்னுரை

பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ (1969), இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய டேனியல், பின்னர் அத்தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைப்பதில் முன்னின்றவர். கொடுமைகளின் ஆவணமாக வாசிக்கப்படும் இந்நாவலை, கூலியைத் தீர்மானிப்பது எது என்னும் வினாவோடு வாசிக்கும்போது அதன் வலிமையும் எல்லையும் ஒருங்கே புலப்படுகின்றன.

முன்பணம் என்னும் பூட்டு

கூலியை உயர்த்தத் தொழிலாளிக்கு இரு வழிகளே உண்டு: வேறிடம் செல்வது, கூடிப் பேரம் பேசுவது. நாவலில் இரண்டும் அடைபட்டுள்ளன. கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தைப் பெற்று மலையேறுகின்றனர். கணக்கு முடிக்கும் நாளில் கூலி கடனுக்குள் கரைகிறது. முன்பணம் பெற்று வேலையை விட்டு நீங்குவோரைத் தண்டிக்க வழிசெய்த 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1925இல் நீக்கப்பட்டது. நாவலின் காலமும் அதையொட்டியே தொடங்குகிறது. சட்டம் விலகிய பின்னும் கடனே பூட்டாக நீடித்தது என்பதை எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டிலும் நாவல் தெளிவாக உணர்த்துகிறது.

ஒருபுறச் சங்கம்

தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கம் 1893இலேயே தோன்றிவிட்டது. உலகச் சந்தையில் தேயிலை விலை சரிந்தபோது, இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர்கள் 1933இல் உடன்பாடு கண்டு ஏற்றுமதியை வரையறுத்தனர். விலைக்காகக் கூடும் உரிமை முதலாளிக்கு இருந்தது. கூலிக்காகக் கூடும் வாய்ப்பு தொழிலாளிக்கு இல்லை. இந்நிலையில் விலை வீழ்ச்சியின் சுமை கீழிறங்குவது எளிது. விலையேற்றத்தின் பயன் கீழிறங்குவது அரிது.

நாவலின் பார்வையோ தோட்டத்தின் உள்வாழ்விலேயே பெரிதும் நிலைகொள்கிறது. மேஸ்திரியும் துரையும் முகத்தோடு நிற்க, அவர்களை இயக்கும் ஏற்றுமதிச் சந்தை பின்புலத்தில் மங்குகிறது. அதனால் சுரண்டல், தனிமனிதக் கொடூரத்தின் விளைவாக மட்டும் தோன்றும் அபாயம் எழுகிறது. பிற்பகுதியில் வரும் டாக்டர் ஆபிரகாமின் பரிவு நோயைத் தணிக்கலாம். கூலி முறையை மாற்ற அது போதாது.

முடிவுரை

நாவலாசிரியர் மருத்துவத்தோடு நில்லாமல் சங்கப் பணிக்குச் சென்றதே இவ்வெல்லைக்கு அவர் வாழ்வு அளித்த விடையாகும். சந்தையின் முகத்தை நாவல் முழுமையாகக் காட்டவில்லை. எனினும் சங்கமற்ற உழைப்பின் மீது உலக வணிகம் எவ்வாறு படிகிறது என்பதை உடலின் வலியாக அது பதிவு செய்துள்ளது.