விடை சரி, ஆழம் சரியா?

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில், ஒலி பற்றிய பாடத்தில், சோனார் கணக்கு மாணவர்களுக்குப் பழக்கமானது. படகிலிருந்து அனுப்பிய மீயொலி அடித்தளத்தில் பட்டு 0.02 வினாடியில் திரும்புகிறது, நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,500 மீட்டர், ஆழம் என்ன? பெருக்கி இரண்டால் வகுத்து, 15 மீட்டர் என்று எழுதினால் முழு மதிப்பெண். எதிரொலித் தத்துவத்தை இதைவிட எளிதாக விளக்குவது கடினம். ஆனால், இக்கணக்கில் படகு பெயரளவில்தான் வருகிறது என்பதே நம் குறை.

ஒலி நீர்மட்டத்திலிருந்து புறப்படுவதில்லை. படகில் பொருத்திய 'டிரான்ஸ்டியூசர்' என்னும் உறுப்பிலிருந்து புறப்படுகிறது. மீனவர்களின் மீன் காட்டும் கருவியிலும், அணைகளில் ஆழம் அளக்கும் கருவியிலும் இவ்வுறுப்பு உண்டு. அது நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இருந்தால் விடையோடு 30 செ.மீ. கூட்ட வேண்டும்.

அது 10 பாகை சாய்ந்திருந்தால்? ஒலிக்கற்றை மெல்லியதாயின், 15 மீட்டர் என்பது சாய்வுத் தொலைவே. நேர் ஆழம் ஏறத்தாழ 14.77 மீட்டர்தான். கிணற்றில் சாய்வாக இறங்கும் கயிறு, நேராக இறங்கும் கயிற்றைவிட நீளமாக வேண்டியிருப்பது போன்றது இது. முதற்பிழை எந்த ஆழத்திலும் மாறாது. இரண்டாவதோ ஆழத்தோடு வளரும்.

காற்றுக் குமிழிகளும் ஒலியைச் சிதறடிக்கும். ஆகவே சுழல்விசிறி கிளப்பும் நுரைக்கு விலகியே உறுப்பைப் பொருத்த வேண்டும். வேகமெடுக்கும் படகின் முன்பகுதி உயர்வதால், கரையில் மட்டம் பார்த்தால் போதாது. ஓடும் நிலையிலேயே தாங்கியின் சாய்வைத் திருத்த வேண்டும். பின்னர், அளவிட்ட சங்கிலியில் உலோகத் தட்டைக் கட்டி உறுப்பின் கீழே இறக்கி, கருவி அதே ஆழத்தைக் காட்டுகிறதா என்று ஒப்பிட வேண்டும்.

இது வெறும் நுணுக்கவாதம் அன்று. அனுமந்தன்பட்டி அமைந்த கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வரும் பெரியாற்று நீர், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையைச் சேர்கிறது. வண்டல் படிந்த அணையில் எவ்வளவு நீர் கொள்ளும் என்பதை இவ்வகைக் கருவிகொண்டு அளக்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 30 செ.மீ. பிழைபட்டால், 3 இலட்சம் கன மீட்டர், அதாவது ஒரு கோடி கன அடிக்கு மேல் கணக்குத் தவறும். பாசனத்துக்கு நாள் குறிப்பவர்கள் அந்தக் கணக்கைத்தானே நம்ப வேண்டும்?

பாடநூலாசிரியர்கள் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: 'கருவி நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே உள்ளது.' விடை 15.3 மீட்டராகும், மாணவனும் சூத்திரத்தோடு நில்லாமல், கருவி எங்கே, எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்குவான்.